ரோந்து சென்றபோது

தினசரியின் மாவட்டப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடம். போலீஸார் ரோந்து சென்றுகொண்டிருந்தனர். பஸ் ஸ்டாண்டு அருகே சந்தேகத்துக்கு இடமான வகையில் ஒருவர் நின்றிருந்தார். பிடித்து விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்தார். காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று துருவித் துருவி விசாரித்ததில் உண்மையை ஒப்புக்கொண்டார். ஊரையும் பொருளையும் மாற்றிப் போட்டால் எந்த மாவட்டத்துக்கும் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். ஒரு மோட்டார் சைக்கிள், ஆறு பவுன் சங்கிலி, ஒரு லோடு மணல்.

இந்த நாலைந்து வாக்கியங்களில் நடக்கிறவர் போலீஸ்காரர், நிற்கிறவர் சந்தேகத்துக்குரியவர். அவர் ஏதாவது செய்துகொண்டிருந்தார் என்று செய்தி சொல்வதேயில்லை. நின்றிருந்தார், அவ்வளவுதான். சில செய்திகளில் ‘சுற்றித் திரிந்தார்’. ராத்திரி இரண்டு மணிக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறவனிடம் பெயர் என்ன, எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தாய், ஏன் இந்நேரம் என்று அடுக்கினால் எந்த யோக்கியனும் நாலாவது கேள்விக்குள் முரண்பட்டுவிடுவான். தன் இருப்பை மறைத்துக்கொண்டு நடமாடுகிறவரை, குற்றம் செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைக்க இடமிருந்தால், நன்னடத்தைப் பிணை கேட்டு நிறுத்துவதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோது எண் 128 ஆனது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ரோந்து என்று எழுதிவிட்டால், ஏன் அந்த நேரத்தில் அந்த இடத்துக்குப் போனீர்கள் என்ற கேள்வி போலீஸுக்கு எழாது. துப்புக் கொடுத்தவனின் பெயர் வெளியே வராமல் காக்க இந்தச் சொல் உதவும். விடிகாலையில் வீட்டுக் கதவைத் தட்டிக் கூட்டிப் போனவனைத்தான் ரோந்தில் பிடித்ததாகக் காட்டியிருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் வாதாடாத கோர்ட்டும் இல்லை. அது நிஜமா பொய்யா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். எனக்குத் தைப்பது வேறு. இரவில் வெளியே இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டாதவர், காரணம் சொல்லியே தீர வேண்டியவர் என்று ஊரை இரண்டாகப் பிரிக்கிற வேலையை இந்தச் சின்னச் சொல் செய்துவிடுகிறது. ‘ஊர் சுற்றுகிறான்’ என்றால் வசவு. ‘ரோந்து சுற்றுகிறார்’ என்றால் உத்தியோகம். கால்கள் என்னவோ ஒரே தெருவில்தான் நடக்கின்றன.

சுற்றி வருவதற்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம். சாமி சுற்றினால் வீதியுலா, ராஜா சுற்றினால் நகர்வலம், பெரிய டாக்டரும் எஸ்பியும் சுற்றினால் ரவுண்ட்ஸ். ஏட்டும் கான்ஸ்டபிளும் சுற்றுவதுதான் ரோந்து. காவல் நிலைய வாசலில் துப்பாக்கியோடு ஒரே இடத்தில் நிற்கிறவருக்குப் பாரா என்று இந்துஸ்தானியிலிருந்து வந்த பெயர்.

ரவுண்ட்ஸ் தனியாகவும் ரோந்து தனியாகவும் இருப்பதைப் பார்த்தால், ஆங்கிலத்து ‘ரவுண்டு’தான் நம் வாயில் தேய்ந்து ரோந்தானது என்கிற விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. போர்த்துகீசியத்தில் ‘ரோந்தா’ என்றே இருக்கிறது. வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் தெளிவாகும். வடக்கே இந்தி, மராத்தி தொடங்கித் தெலுங்கு, கன்னடம் வரை எல்லாரும் பாரசீகத்தின் ‘கஷ்த்’தை கஸ்தி, கஸ்து என்று ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் ரோந்து. 2025-இல் ஷாஹி கபீர் ஓர் இரவு ரோந்தைப் பற்றி எடுத்த மலையாளப் படத்துக்கு அதுதான் தலைப்பு. சிங்களத்தில் ரொந்தய. மலாயிலும் இந்தோனேசியாவிலும் ரோண்டா. கொச்சி, நாகப்பட்டினம், கொழும்பு, மலாக்கா: நாலும் போர்த்துகீசியர் காலூன்றிய துறைமுகங்கள். மலாக்கா 1641-லும், கொழும்பு 1656-லும், நாகப்பட்டினம் 1658-லும், கொச்சி 1663-லும் டச்சுக்காரர் கைக்கு மாறின. டச்சிலும் ஏறக்குறைய இதே சொல்தான் என்பதால் கொடி மாறியும் காவல்காரன் வாயில் சொல் மாற வேண்டியிருக்கவில்லை. கோட்டை மதிலோரம் நடந்த சொல், மதிலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது.

அதே கப்பலில் வந்த மற்ற சொற்களையும் நினைத்துக்கொள்ளலாம். சாவி, ஜன்னல், அலமாரி, வராந்தா. பூட்டுவதும் எட்டிப் பார்ப்பதும் பத்திரப்படுத்துவதுமாக ஒரு வீடே அந்த மொழியிலிருந்து இறங்கியிருக்கிறது. அந்த வீட்டைச் சுற்றி வருகிறவனுக்கும் அங்கிருந்தே பெயர் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

சொல் புதிது என்றாலும் வேலை பழசு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரை வருகிறது. இருட்டோடு இருட்டாகக் கறுத்த உடை, கன்னக்கோல், இடுப்பில் நூலேணி என்று கள்வர்கள் முழுத் தயாரிப்போடு இறங்குகிறார்கள். அவர்கள் பதுங்குமிடத்தை மோப்பம் பிடித்தபடி ஊர்க்காப்பாளர் வருகிறார்கள். களவின் நூலையே கற்றுத் தேர்ந்தவர்கள் அவர்கள். தேர் ஓடும் தெருவில் தண்ணீர் பெருக்கெடுத்தோடும் மழையிலும், நடுச்சாமத்தில், சோம்பாமல் எழுந்து சுற்றுகிறார்கள். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிற பாட்டு. அவன் ஊரின் காவலில் ஓட்டை இருப்பதாகப் புலவர் சொல்வாரா?

அகநானூறு 122-இல் பரணர் அதே ராத்திரியைக் காதலியின் பக்கத்திலிருந்து காட்டுகிறார். அவன் வர வேண்டும். ஊர் தூங்காது. ஊர் தூங்கினால் அம்மா தூங்கமாட்டாள். அவள் தூங்கினால் காவலர்கள் விரைந்து வந்துவிடுவார்கள். அவர்கள் ஓய்ந்தால் நாய், நாய் அடங்கினால் நிலா, நிலா மறைந்தால் கூகை, கூகை ஓய்ந்தால் சேவல். எல்லாம் ஒருசேர அடங்கிய ஒரு நாளில் அவன் வரவில்லை! காவலர் இங்கே அம்மாவுக்கும் நாய்க்கும் நடுவில் ஓர் இடைஞ்சல், அவ்வளவே. மதுரைக்காஞ்சியின் கள்வனும் அகநானூற்றுக் காதலனும் ஒரே தெருவில், ஒரே இருட்டில் வருகிறவர்கள்தான். சுற்றி வருகிறவரிடம் அகப்பட்டால் இருவருமே முன்னுக்குப் பின் முரணாகத்தான் பதில் சொல்வார்கள்.

சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் ஒரு வரியாகவே வருகிறது. காவலுக்கென்று ஊர் கொடுத்த காசு. பின்னால் பாளையக்காரர் காலத்தில் ஊரைக் காப்பது ஸ்தலக்காவல், வட்டாரத்தையும் வழியையும் காப்பது திசைக்காவல் என்று அது கிளைவிட்டது. மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்கள் பரம்பரையாகச் செய்த காவலின் ஏற்பாடு நேரடியானது. அறுவடையில் பங்கு உண்டு. களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். மாடு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்கலாம். காவல் வேண்டாம் என்ற ஊரில் களவு கூடியது என்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதிதான். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. 1896-ஐ ஒட்டி மதுரை, திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் காசு சேர்த்து, காவலுக்கு எதிராகத் திரண்டார்கள். காசு சேர்த்ததால் அதற்கு ‘பண்டு’ என்றே பெயராகிவிட்டது.

அரசாங்கம் தன் போலீஸைத் தவிர வேறு யாரும் இரவில் சுற்றக் கூடாது என்று முடிவெடுத்தது. 1859-இல் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. 1871-இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ஊர் வாயில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர், பத்து விரலையும் மையில் அழுத்தி எடுத்ததால். பதிவான ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து தலைகாட்ட வேண்டும். வேற்றூர் போவதென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆனவனுக்கும் அதே விதி. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947-இல்தான் நீங்கியது.

ஒரு காலத்தில் ராத்திரியில் தெருவில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டாத ஒரு கூட்டம், அந்தச் சட்டத்துக்குப் பிறகு தன் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பதற்கே காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. காவல் என்ற சொல்லைப் போலீஸ் எடுத்துக்கொண்டது, காவல் நிலையமாக, காவல் துறையாக. காத்தவர்களுக்கு மிஞ்சியது ரேகை.

வீட்டுக்குள் படுத்திருக்கிறவர்களுக்கு ரோந்து என்பது பெரும்பாலும் சத்தம்தான். எண்பதுகள், தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் வளர்ந்தவர்கள் காதில் கூர்க்காவின் தடிச் சத்தம் இருக்கும். சிமெண்டுத் தெருவில் நாலடிக்கொரு தட்டு, மூலை திரும்பும்போது ஒரு விசில். மாத முதல் வாரத்தில் பகலில் வந்து, “கூர்க்கா சாப்” என்று சலாம் வைத்துப் பத்தோ இருபதோ வாங்கிப் போவார். பகலில் அவரைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. “இவன் தட்டிக்கிட்டே வந்தா திருடன் முன்னாடியே ஓடிப் போயிருவானே?” என்று கேட்காத மாமா எந்த வீட்டிலும் இல்லை. மாமா கேட்டது சரியான கேள்வி. ஆனால் திருடன் ஓடிப்போனால் தெருவுக்கு லாபம்தானே? பிடித்துக் கொடுப்பதற்கா இருபது ரூபாய்?

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1972 அக்டோபர் முதல் ஓராண்டு, பதினைந்து போலீஸ் பீட்டுகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் வழக்கமான ரோந்துக் காரே கிடையாது, கூப்பிட்டால் மட்டும் வரும். ஒரு பங்கில் எப்போதும்போல. மூன்றாவதில் இரண்டு மூன்று மடங்கு. குற்றக் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. அதைவிட வேடிக்கை, தெருவில் ரோந்து கூடியதோ குறைந்ததோ ஜனங்கள் கவனிக்கவே இல்லை. பிறகு நுவார்க் நகரில் காரை விட்டு இறங்கிக் கால்நடையாகச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். குற்றம் குறையவில்லை, பயம் குறைந்தது. கூர்க்காவின் தடி செய்த வேலை அதுதான். நம் ஊரில் அளக்காமலே தெரிந்திருந்தது.

சரி, போலீஸ்காரர் சுற்றினார் என்பதற்கு என்ன சாட்சி? அதற்குப் பட்டா புத்தகம். நிலப்பட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வங்கி வாசல், அடகுக் கடை, கோயில், ஏடிஎம், தனியாக இருக்கும் வயசானவர்கள் வீடு என்று பீட்டில் வரும் இடங்களில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். ரோந்து வருகிறவர் தேதி, மணி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மேலதிகாரி வந்து சரிபார்ப்பார். எங்கள் தெரு அடகுக் கடையின் கிரில் கேட்டில் ஒன்று சணல் கயிற்றில் தொங்கும். மழைக்குப் பயந்து அதை ஜவுளிக் கடைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார் கடைக்காரர். நடுநடுவே பேனா எழுதாமல் கோடு கோடாக இழுத்த தடம். இரண்டு மணிக்கும் நாலு மணிக்குமான கையெழுத்துகள் மூன்று நாளைக்கு ஒரே சாய்வில், ஒரே மையில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். மூன்று ராத்திரிக்கு ஒரு ராத்திரியில் போட்ட கணக்காக இருக்கலாம். பகல் முழுக்க பந்தோபஸ்து நின்றவரை இரவு ரோந்துக்கும் போட்டால் வேறு எப்படி இருக்கும்? இப்போது பல இடங்களில் நோட்டுக்குப் பதில் சுவரில் கியூஆர் கோடு ஒட்டி, செல்போனால் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றிருந்தவனைத் தேடிப் போகிறவரையே துறை சந்தேகப்படுகிறது. அவரும் தான் எங்கே இருந்தேன் என்று முரணில்லாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈழத்தில் இதே சொல்லை றகரம் போட்டு ‘றோந்து’ என்று எழுதுவார்கள். சுற்றுக்காவல் என்ற தமிழும் அங்கே புழக்கத்தில் இருந்தது. யுத்த காலத்தில் றோந்து போலீஸின் சொல்லாக இருக்கவில்லை, ஆமியின் சொல்லாக இருந்தது. எந்த ஒழுங்கை நாய் முதலில் குரைக்கிறது, அடுத்து எது, என்று கேட்டே ஆமிக்காரர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கணித்தார்கள். பரணரின் பட்டியலில் காவலருக்கு அடுத்துத்தான் நாய். இங்கே இரண்டும் சேர்ந்தே வந்தன. யுத்தம் முடிந்த பின், 2011 ஆகஸ்டில், கிறீஸ் பூதம் என்று உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்களைப் பற்றிய பீதி பரவியது. ஊர் ஆண்கள் பொல்லோடு விழித்திருந்து தாங்களே சுற்றினார்கள். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் அப்படித் திரண்டவர்களுக்கும் படையினருக்கும் மோதலாகி, பலர் அள்ளிச் செல்லப்பட்டார்கள். சுற்றுகிற இரண்டு கூட்டம் எதிரெதிரே வந்தால் எது ரோந்து, எது சட்டவிரோதக் கூட்டம் என்பதைத் துப்பாக்கி வைத்திருப்பவர் தீர்மானிப்பார். ஜாவாவில் இந்தச் சொல்லுக்கு இப்படியொரு சிக்கல் குறைவு. அங்கே ரோண்டா என்றால் முறை வைத்துத் தெருக்காரர்களே விழித்திருப்பது. குடைந்த மரத்தைத் தட்டிக்கொண்டே சுற்றுவார்கள், தெரு முனையில் அதற்கென்று ஒரு சாவடியும் இருக்கும்.

ராமேஸ்வரத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ கரையில் நிற்கிறவரிடம் ரோந்து என்று சொன்னால் புரியும், ஆனால் அவர் வாயில் வருவது “நேவிக்காரன்”. பத்திரிகைதான், ரோந்துப் பணியில் ஈடுபட்டிருந்த இலங்கைக் கடற்படையினர் எல்லை தாண்டி வந்ததாகக் கூறி மீனவர்களைச் சிறைபிடித்தனர் என்று எழுதும். 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோடு தண்ணீரில் தெரிவதில்லை என்பது பழைய புலம்பல். அந்தப் பக்கத்து வடமாகாண மீனவர்கள், இழுவைமடி போட்டுக் கடலை வழித்துக்கொண்டு போகிறார்கள், ரோந்து இன்னும் போதாது என்கிறார்கள். அவர்களும் தமிழில்தான் சொல்கிறார்கள். செய்தியின் வாய்ப்பாடு மட்டும் மாவட்டப் பக்கத்தில் வருகிற அதேதான்: ரோந்து சென்றபோது, அங்கே இருந்தார்கள்.

ஆளையே தேடாத ரோந்து ஒன்று உண்டு. ரயில்வேயில் அதைப் பெட்ரோலிங் என்பார்கள், போகிறவரைப் பெட்ரோல்மேன். தமிழ் எழுத்தில் எரிபொருளும் ரோந்தும் ஒன்றாகிவிட்டதில் யாருக்கும் குழப்பமில்லை. மழைக்காலத்தில் தண்டவாளத்தோடு ராத்திரி முழுக்க நடக்க வேண்டும். கையில் விளக்கு, டார்ச், சிவப்புக் கொடி, விசில், தண்டவாளத்தில் கட்டி வெடிக்கவைத்து டிரைவரை உஷார்ப்படுத்துகிற டெட்டனேட்டர்கள். பாலத்துக்குக் கீழே தண்ணீர் அபாயக் குறியைத் தொட்டதா, கரை அரித்திருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரயில் வந்தால் ஓரமாக ஒதுங்கி, தன் நம்பர் தகட்டின்மேல் விளக்கைத் திருப்பிக் காட்டி விசில் ஊத வேண்டும். தன் எல்லை முடிகிற இடத்தில் அடுத்த பெட்ரோல்மேனைச் சந்தித்து, இருவரும் நோட்டை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பட்டா புத்தகத்தின் வேலையை இங்கே இன்னொரு மனுஷன் செய்கிறார்.

1956 நவம்பர் 23 விடிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டது அதற்குப் பிறகுதான். நம் பள்ளிப் பாடங்களில் சாஸ்திரியின் ராஜினாமா வந்த அளவுக்கு மருதையாறு வரவில்லை. மழை ராத்திரியில் பாலத்தை ஒரு ஆள் நடந்து போய்ப் பார்ப்பது எதற்கு என்று கேட்கிறவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது பெட்ரோல்மேனுக்கும் ஜிபிஎஸ் கருவி கொடுத்திருக்கிறார்கள். எந்த வேகத்தில் நடந்தார், எங்கே உட்கார்ந்தார், எவ்வளவு நேரம் என்று கன்ட்ரோலில் தெரியும். அதிக நேரம் நின்றால் ஏன் நின்றாய் என்று கேள்வி வரும். மழையிலும் பனியிலும் பின்னால் வருகிற ரயில் தெரியாமல் அடிபட்டுச் சாகிற டிராக் தொழிலாளர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். ரயில் நெருங்குவதை அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்கிற ரக்ஷக் என்ற கருவியைச் சில பகுதிகளில் கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் பகுதிக்கும் கொடுங்கள் என்று தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.